துருவுக்கும் ஒரு வரைபடம்: மலையகக் கூரைகளை வைத்து ஓர் எளிய விளக்கம்

பள்ளிக்கூடத்தில் இலங்கைப் படத்துக்கு நிறம் தீட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும்: மழை கூடிய இடத்துக்கு ஒரு நிறம், வறண்ட இடத்துக்கு வேறு நிறம். அதே மாதிரி, இரும்பையும் நாகத்தையும் செப்பையும் எந்த ஊர்க் காற்று எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று காட்டும் வரைபடங்களும் உலகத்தில் இருக்கின்றன. இந்தியாவுக்கு அப்படியொன்றைத் தயாரித்தது காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் 'சிக்ரி' என்பார்களே, அதுதான். அவர்கள் உலோகத் தகடுகளை வெளியில் வைத்துச் சோதித்த இடங்களில் ஒன்று ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊர். மண்டபம் முகாம் என்றால் மலையகத்தில் பல குடும்பங்களுக்குத் தெரியும், நம் முன்னோர் பலர் இந்தப் பக்கம் வரும்போது தங்கவைக்கப்பட்ட இடம் அது.

இந்த வரைபடத்தை எப்படிப் போடுகிறார்கள், அதிலுள்ள எண் என்ன சொல்கிறது, அதை மலையகத்தில் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நமக்கு இது ஏட்டுப் படிப்பு மட்டும் இல்லை. லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கூரை தகரம், ஆற்றைக் கடக்கத் தொங்கு பாலம், தண்ணீர் வர இரும்புக் குழாய், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் தகரம். ஒரு நாட்டின் துருக் கணக்கில் நம் பங்கு கொஞ்சமில்லை.

முதலில் துரு எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பார்ப்போம். இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் சேர வேண்டும் என்று படித்திருப்போம், அது சரிதான், ஆனால் தண்ணீர் என்றதும் மழை நினைவுக்கு வருகிறதே, அங்கேதான் விஷயம் நழுவிப் போகிறது. துருவுக்கு வேண்டியது கண்ணுக்கே தெரியாத மெல்லிய நீர்ப்படலம். அந்தப் படலத்துக்குள் உலோகத்தின் ஒரு புள்ளி கரைந்து இலத்திரனை விட, பக்கத்துப் புள்ளியில் ஒட்சிசன் அதை வாங்கிக்கொள்ள, ஒரு குட்டி மின்கலம் ஓடத் தொடங்கிவிடும். காற்றின் ஈரப்பதன் (பாடப் புத்தகத்தில் சாரீரப்பதன்) ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டினாலே, ஒரு சொட்டு மழை விழாமலும், இந்தப் படலம் உருவாகிவிடும். அதனால் துரு வரைபடம் போடுகிறவர்கள் எத்தனை மில்லிமீற்றர் மழை என்பதை விட, வருடத்தில் எத்தனை மணித்தியாலம் உலோகம் ஈரமாக இருந்தது என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும் மணித்தியாலங்களைக் கூட்டி அதை 'ஈர நேரம்' என்று கணக்கு வைப்பது வழக்கம். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம், அதில் 5,500-ஐத் தாண்டினால் அது மிக ஈரமான இடம்.

இதை வைத்து மலையகத்தைப் பாருங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. நுவரெலியாவுக்கு அதில் பாதிகூட இல்லை, ஏறக்குறைய 1,900. ஆனால் நுவரெலியாவில் மழை விட்ட பிறகும் பனிமூட்டம் விடுவதில்லை, இரவெல்லாம் தகரம் நனைந்தே கிடக்கும், சில மாதங்களில் பகல் பத்து மணிக்குக்கூடக் காய்ந்திருக்காது. ஆகவே மழை வரைபடத்தையே துரு வரைபடமாக நினைத்துப் பார்க்கக் கூடாது.

சரி, ஈரம் இருந்தால் போதுமா? போதாது, இதுதான் பலருக்கும் தெரியாத பாதி. 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்ற வேதியியலாளர் சோதித்துக் காட்டினார்: சுத்தமான ஈரக் காற்றில் இரும்பு மிகக் குறைவாகவே துருப்பிடிக்கிறது, அதே காற்றில் மிகச் சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு என்ற வாயுவைக் கலந்தாலோ, ஈரப்பதன் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டியதுமே துரு திடீரென்று வேகமெடுக்கிறது. அதாவது ஈரம் கதவைத் திறந்துவிடுகிறது, அரிப்பை முடுக்கிவிடுவது அந்த ஈரத்தில் கரையும் பொருள். வெளிக் காற்றில் அப்படிப்பட்ட பொருள்களில் முக்கியமானவை இரண்டு: கடலிலிருந்து வரும் உப்பு, நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வரும் கந்தகம்.

உப்பு இரண்டு வழியில் கெடுதல் செய்கிறது. அதிலுள்ள குளோரைட்டு இரும்பின் மேல் உருவாகும் காப்புப் படலத்தைத் துளைக்கும், அது ஒன்று. மற்றது, உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அடுப்படியில் உப்புப் போத்தல் கசிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், சோடியம் குளோரைட்டு ஈரப்பதன் 75 சதவீதம் வந்ததும் தானாகவே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். அதனால்தான் கடற்கரையில் வெயில் அடிக்கும் பகலிலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் உட்கார்ந்திருக்கிறது.

இலங்கையில் இவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் வரைபடத்தின் பெரிய கோடுகள் தாமாகவே விழுந்துவிடும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அலை உடையும் மேற்கு, தெற்குக் கரைகளில் உப்புத் துளிகள் காற்றோடு கரையேறும். கொழும்பிலிருந்து காலி போகும் ரயில் பாதை பல இடங்களில் அலை தெறிக்கும் தூரத்தில்தான் ஓடுகிறது, அங்கே தண்டவாளத்துக்கு ஓய்வே இல்லை. ஆனால் இந்த உப்பு வெகுதூரம் போவதில்லை. முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பகுதி விழுந்துவிடும், சில கிலோமீற்றர் தாண்டினால் கொஞ்சம்தான் மிஞ்சும். நுவரெலியா மேற்குக் கடலிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீற்றர் அளவு தள்ளி, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கந்தகத்தைப் பொறுத்தவரை நுரைச்சோலை அனல் மின் நிலையம், சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம், அப்புறம் நகரங்களின் டீசல் புகை. இவற்றில் மலையகத்துக்கு நேரடியாகச் சொந்தமானது கடைசி ஒன்றுதான், அதைப் பற்றிக் கண்டி வரும்போது சொல்கிறேன்.

இதெல்லாம் ஊகத்தில் போடும் படமா என்றால், இல்லை, அளந்து போடுவது. முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. பத்து சென்டிமீற்றர் அகலம், பதினைந்து சென்டிமீற்றர் நீளம் உள்ள சாதாரண இரும்புத் தகடு, அதேபோல நாகம், செப்பு, அலுமினியத் தகடுகள். எண்ணெய் போகத் துடைத்து, மில்லிகிராம் வரை நிறுத்து, ஒரு சட்டத்தில் 45 பாகை சாய்வாகத் தெற்கு பார்த்துப் பொருத்தி, மறைப்பு எதுவும் இல்லாத வெளியில் ஒரு வருடம் விட்டுவிடுவார்கள். பிறகு எடுத்து, இரும்பைத் தொடாமல் துருவை மட்டும் கரைக்கும்படி தடுப்பான் கலந்த அமிலத்தில் கழுவி, திரும்பவும் நிறுப்பார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற இரும்பு. ஒரு தகட்டில் 3 கிராம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்துப் பரப்பு 300 சதுர சென்டிமீற்றர், இரும்பின் அடர்த்தி கன சென்டிமீற்றருக்கு 7.86 கிராம், வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 12.7 மைக்ரோமீற்றர் கரைந்திருக்கிறது. ஒரு மைக்ரோமீற்றர் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தகட்டுக்குப் பக்கத்திலேயே காற்றையும் அளப்பார்கள். உப்புக்கு ஈரத் திரி, அதாவது எப்போதும் நனைந்தபடி இருக்கும் துணித் திரியை மழை படாமல் கூரைக்கடியில் வைத்து, அதில் ஒட்டிய குளோரைட்டை மாதாமாதம் கணக்கிடுவது. கந்தகத்துக்கு, அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈயவீரொட்சைட்டு பூசிய தட்டு. கிடைக்கும் எண்களை ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரம் ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வருடத்தில் இரும்பு 1.3 மைக்ரோமீற்றர் வரைதான் போனால் சி1, 25 வரை சி2, 50 வரை சி3, 80 வரை சி4, 200 வரை சி5, அதற்கு மேலே 700 வரை சிஎக்ஸ். வரைபடத்தில் பார்க்கும் நிறங்கள் பெரும்பாலும் இந்த வகுப்புகள்தான்.

நாடு முழுக்கத் தகடு வைக்க முடியாதல்லவா, அதற்கு அதே தரத்தில் ஒரு சூத்திரமும் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலை, ஈரப்பதன், படியும் கந்தகம், படியும் குளோரைட்டு, இந்த நான்கையும் கொடுத்தால் முதல் வருட அரிப்பைக் கணக்கிட்டுத் தரும். நான் உதாரணத்துக்கு எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். கவனியுங்கள், இவை அளந்த எண்கள் இல்லை, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நுவரெலியா மாதிரி ஓர் இடம்: 16 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 85, ஒரு நாளில் ஒரு சதுர மீற்றரில் படியும் கந்தகவீரொட்சைட்டு 2 மில்லிகிராம், குளோரைட்டு 3 மில்லிகிராம். விடை ஏறக்குறைய 16 மைக்ரோமீற்றர், அதாவது சி2. அடுத்து அலைக்குப் பக்கத்தில் ஓர் இடம்: 27.5 பாகை, ஈரப்பதன் 80, கந்தகம் 5, குளோரைட்டு 300. விடை 155 அளவில் வருகிறது, சி5. ஈரப்பதன் மலையில்தான் அதிகம், இருந்தும் கடற்கரைத் தகடு பத்து மடங்கு வேகமாகப் போகிறது. வெர்னன் சொன்னதையே சூத்திரமும் சொல்கிறது.

ஆக, நாட்டு வரைபடத்தில் மலையகத்துக்குப் பொதுவாகக் கிடைக்கப்போவது ஒரு மென்மையான நிறம், 'இங்கே அரிப்புக் குறைவு' என்று. அது பொய்யில்லை. திறந்த வெளியில், நல்ல மழை கழுவிவிடும் தகட்டுக்கு அதுதான் உண்மை. மழை தகட்டை நனைக்கிறது என்றாலும், படிந்த உப்பையும் புகைக்கரியையும் அடித்துக்கொண்டு போகிறது, வட்டவளை மாதிரி இடத்தில் இது பெரிய உதவி. பனித்துளி அப்படிக் கழுவாது, மேலே படிந்ததைக் கரைத்து அங்கேயே வைத்திருக்கும். மூடுபனியின் துளிகள் மிகச் சிறியவை, தண்ணீர் குறைவு என்பதால் காற்றிலுள்ள அமிலம் மழைத்துளியில் இருப்பதைவிட அதில் செறிவாக இருக்கும். கந்தோரில் இருக்கும் மழைமானியில் இது எதுவும் பதிவாகாது.

இனி வரைபடத்தின் அடுத்த சிக்கல். இருபது முப்பது இடங்களில்தான் அளக்க முடிகிறது, இடையில் இருக்கும் ஊர்களுக்குக் கணினி சராசரி போட்டு நிறம் நிரப்புகிறது. புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் சமதரை, அங்கே இந்த வேலை பரவாயில்லை. மலையில் இது சரிவராது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும் ஒரு பஸ் பயணம்தான். தென்மேல் பருவக்காற்றில் நுவரெலியா நனைந்து கிடக்கும் அதே யூலை மாதத்தில் அந்தப் பக்கம் காய்ந்த காற்று வீசி, மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் முக்கியமான மழை ஒக்டோபருக்குப் பிறகுதான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஒவ்வொரு சட்டம் வைத்துவிட்டு நடுவில் உள்ளதைச் சராசரியால் நிரப்பினால், ஒரு மலைமுகடு காலநிலையை இரண்டாகப் பிளப்பதைக் கணினி பார்க்கவே பார்க்காது. மலைநாட்டில் உயரமும், எந்தப் பக்கத்துச் சரிவு என்பதும் கணக்கில் சேராத துரு வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

கண்டி இன்னொரு மாதிரி. ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, நடுவே கிண்ணம்போல நகரம், ஒடுங்கிய வீதிகளில் பஸ்களும் லொறிகளும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிட, வாகனப் புகைக்கு மேலே போக வழியில்லை. அதே நேரம்தான் பனித்துளி இறங்கும் நேரமும். ஆகவே கண்டி நகரத்துக்குள் ஒரு தகடும், நகரத்தை விட்டுத் தள்ளி ஹந்தானைச் சரிவில் ஒரு தகடும் வைக்காமல் 'கண்டி' என்று ஒரே எண் கொடுப்பதில் அர்த்தமில்லை. தூரத்துப் புகையும் வந்து சேர்கிறது: 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நாட்களில் காற்றின் தரம் நாட்டின் பல பகுதிகளில் மோசமாகி, 9ஆம் திகதி பாடசாலைகளை மூடும் அளவுக்குப் போனது நினைவிருக்கலாம். வடகீழ்ப் பருவக்காற்று கடல் தாண்டிய மாசையும் கொண்டுவருகிறது.

இதுவரை சொன்னது ஊர்க் காற்று. எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது அடுத்த விஷயம்தான்: வரைபடம் ஊரின் வெளிக்காற்றைச் சொல்கிறது, நம் தகரம் வாழ்வதோ அதைச் சுற்றியுள்ள சில அடிக் காற்றில். லயத்துக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கீழே ஒரு காம்பராவுக்குள் ஐந்தாறு பேர் மூச்சு விடுகிறார்கள், சோறு கொதிக்கிறது, ஈரத்துணி அடுப்புக்கு மேலே காய்கிறது. அந்த நீராவி எல்லாம் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அதோடு விறகுப் புகை. விறகு எரிந்தால் அசற்றிக் அமிலமும் போமிக் அமிலமும் வெளிவரும், தகரத்தின் இரும்புக்கு மேல் காப்பாகப் பூசியிருக்கும் நாகத்துக்கு இவை இரண்டும் ஆகாது, புகையில் கொஞ்சம் குளோரைட்டும் இருக்கும். கரி படிந்த இடம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளிப்பக்கத்தையாவது மழை கழுவுகிறது, இந்த உட்பக்கத்தை எந்த மழையும் எட்டுவதில்லை. கூரை மேலேறிப் பார்த்தால் தகரம் நன்றாகத்தான் இருக்கும், அடுப்படிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் ஊசி ஊசியாக வெளிச்சம் வரும். சி2 என்ற மென்மையான நிறத்துக்குள் இருக்கும் இந்தக் கூரையின் உட்பக்கத்தை எந்த வகுப்பில் சேர்ப்பது? அடுப்பங்கரைக்குள் யாராவது ஒரு வருடம் தகடு கட்டி நிறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உர ஸ்டோரும் அப்படித்தான். மலையில் கடல் உப்பு இல்லை என்றேன், ஆனால் குளோரைட்டு மூட்டையில் கட்டி லொறியில் வந்து இறங்குகிறது. தேயிலைக்குப் போடும் எம்.ஓ.பி. என்ற பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைட்டு, எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரைட்டுதான். அது ஈரப்பதன் ஏறக்குறைய 84 சதவீதத்தில் கசியத் தொடங்கும், அமோனியம் சல்பேற்று 80 அளவில். இந்த அளவுகளை மலைநாட்டு இரவு சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே உரத்தூள் படிந்த கதவுப் பிணைச்சல், தராசு, தகரச் சுவர், மருந்தடிக்கும் கருவி எல்லாம் நடைமுறையில் கடற்கரையில் இருப்பதற்குச் சமம். உர ஸ்டோரை ஒட்டித் தண்ணீர்க் குழாயையோ மின்கம்பி இணைப்பையோ கொண்டுபோவதைத் தவிர்ப்பது நல்லது, முடியாவிட்டால் அந்தப் பகுதிக்காவது பிளாஸ்டிக் குழாய் போடலாம்.

இன்னொன்று, புதுத் தகரத்தை வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மழைக்காலம் முழுக்கப் படங்கு போட்டு மூடிவைப்பது. இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் புகுந்து, காற்று போகாமல், நாகத்தின் மேல் வெள்ளையாகத் தூள் பிடிக்கும். நாகம் தன்னைக் காத்துக்கொள்ள அதன் மேல் காபனேற்றுப் படலம் ஒன்று உருவாக வேண்டும், அதற்குக் காற்றும் இடையிடையே உலர்வதும் தேவை, அடுக்கின் உள்ளே அவை இரண்டும் கிடைப்பதில்லை. கூரைக்கு ஏறுவதற்கு முன்பே ஆயுள் குறைந்துவிடுகிறது. தகரம் வந்தால் நிமிர்த்திச் சாய்வாக, இடையில் குச்சி கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

உலோகத்துக்கு உலோகம் கதை மாறும் என்பதால் ஒரே நாட்டுக்குப் பல வரைபடம் வேண்டியிருக்கிறது. அலுமினியம் தன் மேல் இறுக்கமான ஒட்சைட்டுப் படலத்தைப் போட்டுக்கொண்டு சுத்தமான மலைக் காற்றில் பிரச்சினையில்லாமல் இருக்கும், குளோரைட்டு பட்டால் மட்டும் புள்ளி புள்ளியாகத் துளை விழும். கோவில் கலசத்தின் செப்பு கறுத்து, வருடக் கணக்கில் பச்சை பிடிக்கும், அந்தப் பச்சை உண்மையில் செப்பைக் காக்கிறது, சுரண்டிச் சுரண்டித் துலக்கினால் புதிது புதிதாகச் செப்புத்தான் குறைந்துகொண்டு போகும். நாகம் சி2 காற்றில் வருடத்துக்கு அதிகபட்சம் 0.7 மைக்ரோமீற்றர் போகும், சி4-இல் 2.1 முதல் 4.2 வரை.

இந்த எண்தான் ஹார்ட்வெயார் கடையில் உதவப்போகிறது. நாம் தகரத்தின் தடிப்பைக் கேட்கிறோம், பூச்சின் அளவைக் கேட்பதில்லை. சதுர மீற்றருக்கு 100 கிராம் நாகம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்த கணக்கு அது, ஒரு பக்கத்துக்கு 7 மைக்ரோமீற்றர் வரும். 275 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 19-க்கு மேல். நாகம் ஏறக்குறைய சீராகத்தான் குறையும். ஆகவே முதலாவது தகரம் மலைநாட்டு வெளிக்காற்றில் பத்து வருடமாவது தாங்கும், அதே தகரம் சி4 காற்றில் மூன்றரை வருடத்துக்குள் பூச்சை இழந்துவிடும். கடைகளில் அமானோ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நாக அலுமினியப் பூச்சுத் தகடுகளுக்கும் கிராம் கணக்கு உண்டு, கேளுங்கள். அடுப்படிக்கு மேலே போகும் தகட்டுக்கு உட்பக்கமும் நிறம் பூசியதாக வாங்குவது, புகை போக ஒரு வழி வைப்பது, இலையும் பாசியும் சேராமல் கூரையைக் கூட்டிவிடுவது, ஆணி அடித்த துளையில் நல்ல வொஷர் போடுவது, இவைதான் மலையில் தகரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கொழும்பிலிருந்து வரும் எந்த வகுப்பு எண்ணும் இதில் குறுக்கே வராது.

முதல் வருட எண்ணை வைத்துப் பத்து வருடத்தைப் பெருக்கிவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்பில் துருவே ஓரளவு மூடுபோர்வையாக மாறி வேகத்தைக் குறைக்கும். ஐ.எஸ்.ஓ. 9224 தரும் வழிகாட்டுக் கணக்கின்படி பத்து வருடத்தில் போவது முதல் வருடத்தின் ஏறக்குறைய 3.3 மடங்கு, பத்து மடங்கில்லை. ஆனால் துரு அப்படி இறுகுவதற்கு நனைந்து நனைந்து காய வேண்டும். நாட்கணக்காகக் காயாமல் கிடக்கும் தொங்கு பாலத்தின் அடிக் கம்பிக்கும், மண்ணும் இலையும் மூடிய தூணின் அடிக்கும் இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. பாலம் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கம்பி மண்ணுக்குள் இறங்கும் அந்த இடத்தை.

வரைபடம் ஒருமுறை போட்டுச் சட்டம் கட்டி மாட்டும் பொருளும் இல்லை. ஐரோப்பாவில் 1987 முதல் பல நாடுகளில் ஒரே மாதிரித் தகடு வைத்து அளந்து வருகிறார்கள். நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் குறையக் குறைய, இரும்பின் அரிப்பும் கூடவே இறங்கியதை அந்தத் தகடுகள் காட்டின. நம் பக்கம் டீசலில் கந்தகம் குறைந்தாலோ, புதிதாக ஒரு அனல் மின் நிலையம் வந்தாலோ, விறகடுப்பு போய் காஸ் அடுப்பு வந்தாலோ, நிறங்கள் மாறத்தான் செய்யும்.

மலையகத்துக்கென்று ஒரு துரு வரைபடம் போடச் சொன்னால் நான் சட்டங்களை இப்படி வைப்பேன்: மேற்குச் சரிவின் கனமழைக்கு வட்டவளை, பனிக்கு நுவரெலியா, இரண்டு காற்றும் சந்திக்கும் முகட்டுக்கு ஹப்புத்தளை, காய்ந்த பள்ளத்துக்கு வெலிமடை, கிழக்குச் சரிவுக்கு லுணுகலை, நகரப் புகைக்குக் கண்டி. ஒவ்வொரு இடத்திலும் வெளியில் ஒரு சட்டம், கூடவே ஒரு லயத்து அடுப்படிக் கூரையின் கீழே ஒன்று, உர ஸ்டோருக்குள் ஒன்று. தகடு வெட்ட ஒரு பட்டறை, நிறுக்க மில்லிகிராம் தராசு உள்ள ஓர் ஆய்வுகூடம், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒரு விஞ்ஞான ஆசிரியர், இவ்வளவுதான் தேவை. அமிலத்தில் கழுவும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடாமல் ஆய்வுகூடத்திலேயே செய்ய வேண்டும். முதல் தொகுதியை ஒரு வருடத்தில் எடுத்து நிறுக்கலாம், பக்கத்திலேயே வைத்த மற்றத் தகடுகளை இரண்டாம், ஐந்தாம், பத்தாம் வருடத்தில்.